1,208 கலோரி: சென்னையில் ஓர் ஓய்வுநிலை வளர்சிதை மாற்றப் பரிசோதனை குறித்து

தென்சென்னையில் உள்ள ஒரு விளையாட்டு மருத்துவ மையத்தில், அசையாமல் படுத்திருக்கும்போது உடல் எத்தனை கலோரியைச் செலவிடுகிறது என்பதை மூச்சைக் கொண்டு அளந்து சொல்லும் பரிசோதனையைச் சென்ற ஆண்டு ஒரு முறையும் இந்த ஆண்டு ஒரு முறையும் செய்துகொண்டேன். முதல் முறை கட்டணம் 3,200 ரூபாய், இரண்டாம் முறை 3,500 ரூபாய். அளவீட்டை அவர்கள் மிகுந்த கவனத்தோடு செய்கிறார்கள். ஆனால் அளந்து கிடைத்த எண்ணுக்கு அச்சில் தரும் விளக்கம் அந்தக் கவனத்துக்கு ஈடாக இல்லை. ஓய்வுநிலைச் செலவையும் நாள் முழுவதற்குமான செலவையும் குழப்பிக்கொண்டதால் பரிசோதனைக்குப் போகுமுன்பே நான் ஏறத்தாழ ஓராண்டை வீணாக்கியிருக்கிறேன் என்பதால், இந்தச் சேவையின் நிறையையும் குறையையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் பரிசோதனையின்போது என் வயது 47, உயரம் 156 சென்டிமீட்டர், எடை 72 கிலோ. கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை. நாளில் ஒன்பது மணி நேரம் நாற்காலியில்தான் கழியும். அதற்கு முந்தைய ஆண்டு வீட்டுக்கு அருகிலிருந்த உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். அங்கே வெறுங்காலோடு ஏறி நின்று இரு கைப்பிடிகளையும் பற்றிக்கொண்டால், உடலில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று சீட்டு அச்சிட்டுத் தரும் கருவி ஒன்று இருந்தது. என் சீட்டில் 'பி.எம்.ஆர். 1,331' என்று வந்தது; அசையாமல் கிடந்தாலும் ஒரு நாளில் உடல் செலவிடும் கலோரி அது. பயிற்சியாளர் அதைப் பார்த்துவிட்டு, "இதுல 500 கழிச்சிடுங்க மேடம், அவ்வளவுதான் சாப்பாடு, வாரத்துக்கு அரைக் கிலோ குறையும்" என்றார். அவர் சொன்னபடி நாளுக்கு 831 கலோரியில் ஏழு வாரங்கள் இருந்தேன். நான்கு கிலோ குறைந்தது உண்மை. தலை வாரும்போது கொத்துக் கொத்தாக முடி வந்ததும், மாலையில் படியேறும்போது கண் இருட்டியதும், மாதவிலக்கு தள்ளிப்போனதும் அதே அளவு உண்மை. எட்டாவது வாரம் பொங்கல் விடுமுறை வந்தது. அடுத்த இரண்டு மாதங்களில் ஐந்து கிலோ ஏறியது.

அந்தப் பயிற்சியாளர் மீது எனக்குக் கோபம் இல்லை; அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்ததை எனக்குச் சொன்னார். ஆனால் 500 கலோரியைக் கழிக்க வேண்டியது நாள் முழுவதும் செலவாகும் மொத்தத்திலிருந்து. கட்டிலை விட்டு எழாமல் கிடந்தாலும் செலவாகும் பகுதியிலிருந்து கழித்தால், பற்றாக்குறை 500 என்று எண்ணிக்கொண்டு ஏறத்தாழ ஆயிரம் கலோரிப் பற்றாக்குறையில் இருப்போம். எனக்கு நேர்ந்தது அதுதான். 800 கலோரிக்கும் கீழான உணவுத் திட்டங்கள் மருத்துவ உலகில் இருக்கின்றன. அவை மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில், இரத்தப் பரிசோதனைகளோடு நடப்பவை. உடற்பயிற்சிக் கூடத்தின் சீட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை அல்ல.

அடுத்து நேர்ந்தது இதற்கு நேரெதிரான தவறு. பிள்ளைகள் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் நாள்தோறும் 2,350 கலோரி செலவானதாகக் காட்டியது. இப்போது மொத்தச் செலவு தெரிந்துவிட்டது என்று நம்பி, அதிலிருந்து 500 கழித்து 1,850 கலோரி சாப்பிட்டேன். நான்கு மாதங்களில் எடை அசையவே இல்லை. கடிகாரம் கலோரியை அளப்பதில்லை. இதயத் துடிப்பையும் கையின் அசைவையும் அளந்து, அவற்றிலிருந்து கலோரியை ஊகிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அரிவாள்மனையில் இரண்டு மூடித் தேங்காய் துருவி முடித்துக் கையைப் பார்த்தபோது, நான் உட்கார்ந்த இடத்திலேயே நானூறு அடிகள் நடந்ததாக அது எண்ணியிருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2017-இல் 60 பேரைக் கொண்டு ஏழு வகை மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தபோது, பெரும்பாலானவை இதயத் துடிப்பைச் சரியாகவே காட்டின. கலோரியில் மட்டும், இருப்பவற்றுள் சிறந்த கருவிகூடச் சராசரியாக 27 விழுக்காடு பிசகியது, மிக மோசமானது 93 விழுக்காடு பிசகியது. அதன்பின் புதிய மாதிரிகள் பல வந்துவிட்டாலும், ஊகிக்கும் முறை ஊகிக்கும் முறையாகவே இருக்கிறது.

இந்த இரண்டு தவறுகளுக்குப் பிறகுதான், கருவியின் ஊகம் எதுவும் வேண்டாம், என் உடலையே அளந்து பார்த்துவிடலாம் என்று பரிசோதனைக்கு முன்பதிவு செய்தேன். எதை அளக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளில் உடல் செலவிடும் ஆற்றலை மூன்று தலைப்புகளில் எழுதலாம். முதலாவது ஓய்வுநிலைச் செலவு: இதயம் துடிக்க, சிறுநீரகம் வடிகட்ட, மூளை இயங்க, உடல் வெப்பம் மாறாதிருக்க ஆகும் செலவு. நாற்காலியில் அமர்ந்து வேலை செய்வோருக்கு மொத்தத்தில் 60 முதல் 70 விழுக்காடு இதற்கே போகிறது. இரண்டாவது, உண்டதைச் செரித்து உடலில் சேர்க்க ஆகும் செலவு. கலந்த உணவுக்கு இது சுமார் 10 விழுக்காடு. மூன்றாவது அசைவுக்கான செலவு. இதில் உடற்பயிற்சி ஒரு சிறு பகுதிதான். பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பது, மாடியில் துணி காயப்போடுவது, நின்றுகொண்டு சமைப்பது, உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டிக்கொண்டே இருப்பது எல்லாம் சேர்ந்ததே அந்தத் தலைப்பு. ஒரே எடை, ஒரே வயதுள்ள இருவருக்கிடையே மிகுதியாக வேறுபடுவதும் இதுவே. மையத்தில் அளப்பது முதல் தலைப்பை மட்டும். பி.எம்.ஆர். (அடிப்படை வளர்சிதை மாற்ற வீதம்) என்றும் ஆர்.எம்.ஆர். (ஓய்வுநிலை வளர்சிதை மாற்ற வீதம்) என்றும் இதற்கு இரு பெயர்கள் புழங்குகின்றன. முன்னதற்கு அளக்கும் நிபந்தனைகள் கடுமை, பின்னதில் சற்றுத் தளர்வு இருப்பதால் எண் கொஞ்சம் கூடுதலாக வரும். அந்த வேறுபாடு சிறியது. இவற்றுள் எதையேனும் நாள் முழுவதற்குமான செலவாக எடுத்துக்கொள்வதே பெரிய தவறு.

ஓய்வுநிலைச் செலவு எங்கே போகிறது என்பதைப் பற்றி உடற்பயிற்சிக் கூடங்களில் பேசப்படுவதற்கும் உண்மைக்கும் தொலைவு அதிகம். ஓய்வில் இருக்கும்போது இதயமும் சிறுநீரகமும் கிலோ ஒன்றுக்கு நாளொன்றில் சுமார் 440 கலோரி செலவிடுகின்றன; மூளை 240, கல்லீரல் 200. தசை ஒரு கிலோவுக்கு 13 கலோரி மட்டுமே, கொழுப்புக்கு நாலரை. ஆகவே கடுமையாக உழைத்து இரண்டு கிலோ தசை கூட்டினாலும் படுத்திருக்கும்போது கூடுதலாகச் செலவாவது ஏறத்தாழ 26 கலோரிதான். எடை தூக்கும் பயிற்சியை நான் விடவில்லை, விடவும் மாட்டேன். மூட்டுக்கும் எலும்புக்கும், எடை குறையும்போது தசை கரையாமல் இருப்பதற்கும் அது வேண்டும். ஆனால் "தூங்கும்போதும் கொழுப்பு கரையும்" என்று சுவரில் எழுதி வைத்திருப்பதை இந்த எண்கள் தாங்காது.

பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே வாட்ஸ்அப்பில் தமிழிலேயே குறிப்புகள் வந்துவிட்டன. முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி கூடாது. பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். காலையில் காபி, தேநீர் இரண்டும் கூடாது. வழக்கமான மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். காபி இல்லாமல் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறியது எனக்குச் சற்றுக் கடினமாகத்தான் இருந்தது. மையத்துக்குப் போனால் மின்தூக்கி ஓடவில்லை. இரண்டு மாடி ஏறினேன். ஓய்வில் உடலை அளக்கும் இடத்துக்கு மூச்சிரைக்க வந்து சேர்வது முறையல்லவே என்று தயங்கியபோது, பரிசோதனை செய்யும் இளம்பெண் அதை எளிதாக எடுத்துக்கொண்டார். "பரவால்ல மேடம், அரை மணி நேரம் படுத்துக்குங்க, அதுக்கப்புறந்தான் ஆரம்பிப்பேன்" என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். உண்மையாகவே அரை மணி நேரம் காத்திருந்தார். அறை குளிராக இருப்பதாகச் சொன்னதும் ஏ.சி.யின் வெப்பநிலையை உயர்த்தி, ஒரு போர்வையும் கொடுத்தார். உடல் நடுங்கத் தொடங்கினாலே செலவு கூடிவிடும் என்று காரணமும் சொன்னார். காலையில் அளவு தெரிந்த வாயுவைச் செலுத்திக் கருவியைச் சரிபார்த்தார்களா என்று கேட்டபோது, அன்றைய தேதியிட்ட சரிபார்ப்புத் தாளை எடுத்துக் காட்டினார். இந்த ஒரு செயலுக்காகவே அந்த மையத்தை நான் மதிக்கிறேன்.

அளக்கும் முறை எளியது. தலையை மூடும்படி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கவிகை ஒன்றை வைத்து, அதன் ஓரத்துத் துணியைத் தோளைச் சுற்றிச் செருகிவிடுகிறார்கள். ஒரு குழாய் வழியாக உள்ளிருக்கும் காற்று தொடர்ந்து வெளியே இழுக்கப்பட்டுக் கருவிக்குப் போகிறது. முகமூடியோ வாயில் கவ்வும் குழாயோ இல்லாததால் இயல்பாக மூச்சுவிட முடிந்தது. அடைத்த இடங்களில் அச்சம் உள்ளவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இருபது நிமிடங்கள். பேசக்கூடாது, கைபேசி கூடாது, தூங்கிவிடவும் கூடாது. நான் கண் அயர்ந்தபோது அவர் மெல்ல என் காலைத் தொட்டு எழுப்பினார்; தூக்கத்தில் செலவு மேலும் குறைந்துவிடும் என்பதே காரணம். முதல் ஐந்து நிமிடங்களின் அளவைத் தள்ளிவிட்டு, மூச்சு சீராக இருந்த பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார். குறை என்று சொன்னால், அறைக் கதவுக்கு வெளியே வரவேற்பு மேசையில் டோக்கன் எண்ணைக் கூவி அழைப்பது உள்ளே நன்றாகக் கேட்டது.

முடிவுத் தாளில் முதல் பக்கம் அருமையானது. நிமிடத்துக்கு 173 மில்லிலிட்டர் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு 142 மில்லிலிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளியிட்டிருக்கிறேன். 1949-இல் வியர் என்பவர் தந்த சமன்பாட்டின்படி, லிட்டரில் ஆக்சிஜனை 3.941-ஆலும் கார்பன் டை ஆக்சைடை 1.106-ஆலும் பெருக்கிக் கூட்டினால் நிமிடத்துக்கான கலோரி கிடைக்கும். அதை 1,440-ஆல் பெருக்கினால் நாளுக்கானது. நானே வீட்டில் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். 1,208 வந்தது, தாளிலும் அதுவே இருந்தது. இரு வாயுக்களின் விகிதம் 0.82. கொழுப்பு மட்டும் எரிந்தால் இது 0.7, மாவுச்சத்து மட்டும் எரிந்தால் 1; வெறும் வயிற்றில் இரண்டும் கலந்து எரிவது இயல்பே. 1780-களில் பாரிஸில் லவாய்சியேவும் லப்லாசும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்து, அதன் உடல்சூட்டில் உருகிய நீரை எடைபோட்டு, மூச்சுவிடுவதும் ஒருவகை எரிதலே என்று காட்டினார்கள். அந்தச் சிந்தனையின் வழியில் வந்ததுதான் அந்தக் காலை நேரத்து எண் என்று நினைத்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

இப்போது பணத்தின் பெறுமானத்துக்கு வருகிறேன். பரிசோதனை இல்லாமலே வாய்பாட்டால் இந்த எண்ணைக் கணிக்கலாம். 1990-இல் வெளிவந்த மிஃப்ளின்–செயின்ட் ஜியார் வாய்பாடு, எடையைக் கிலோவில் 10-ஆலும் உயரத்தைச் சென்டிமீட்டரில் 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதை 5-ஆல் பெருக்கிக் கழிக்கச் சொல்கிறது. பெண்கள் அதிலிருந்து 161-ஐக் கழிக்க வேண்டும், ஆண்கள் 5-ஐக் கூட்ட வேண்டும். எனக்கு வந்தது 1,299. அமெரிக்காவில் 1919-இல் ஹாரிஸும் பெனடிக்டும் தந்த பழைய வாய்பாடு 1,412 என்கிறது. இன்றும் பல கைபேசிச் செயலிகள் அந்தப் பழைய வாய்பாட்டையே பயன்படுத்துகின்றன. இரண்டுமே அமெரிக்கர்களை அளந்து உருவானவை. இந்தியர்களின் அடிப்படைச் செலவைப் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பல ஆண்டுகள் அளந்திருக்கிறார்கள். உலகப் பொதுச் சமன்பாடுகள் தருவதைவிடச் சுமார் 5 விழுக்காடு குறைவு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வல்லுநர் குழு 2010-இல் கணக்கில் எடுத்துக்கொண்டது. எனக்கு அளந்தது, மிஃப்ளின் கணிப்பைவிட 7 விழுக்காடு குறைவு. அதாவது 3,200 ரூபாய் கொடுத்து நான் சரிசெய்துகொண்டது 91 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி என்பதை வைத்து இதன் அளவை மதிப்பிட்டுக்கொள்ளலாம்.

முதல் பக்கத்தின் துல்லியம் இரண்டாம் பக்கத்தில் கைவிடப்படுகிறது என்பதே என் முறையீடு. அங்கே 1,208-ஐ, அன்றாட அசைவின் அளவைக் குறிக்கும் 1.55 என்ற காரணியால் பெருக்கி, நாள் முழுவதற்குமான செலவு 1,872 என்று அச்சிட்டிருந்தார்கள். என் வேலை என்ன, எவ்வளவு நேரம் நிற்கிறேன், வீட்டுவேலைக்கு ஆள் உண்டா என்று யாரும் அதுவரை கேட்கவில்லை. எல்லோருக்கும் மென்பொருள் அதே 1.55-ஐத்தான் போடுகிறது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட வகைப்பாட்டில், உட்கார்ந்த வாழ்க்கைக்கு மட்டும் 1.40 முதல் 1.69 வரை இடம் இருக்கிறது. ஓடியாடி வேலை செய்வோருக்கு 1.70 முதல் 1.99, கடும் உழைப்பாளிகளுக்கு 2.00 முதல் 2.40. என்னை 1.40 என்று வைத்தால் மொத்தம் 1,691, 1.55 என்றால் 1,872. இடைவெளி 181 கலோரி. மூச்சை அளந்து, வாயுவைச் சரிபார்த்து, அரை மணி நேரம் படுக்க வைத்து 91 கலோரிப் பிழையை நீக்கிவிட்டு, அதன் இரு மடங்கு பிழையை ஒரே பெருக்கலில் உள்ளே விடுகிறார்கள். ஓய்வுநிலைச் செலவைத் தெரிந்துகொண்டவர் தன் அன்றாடச் செலவைத் தெரிந்துகொண்டவர் ஆகிவிடமாட்டார் என்பதை அந்தத் தாள் எங்குமே சொல்லவில்லை.

அதைவிடக் கவலை தருவது, அதன் கீழே இருந்த மூன்று வண்ணக் கட்டங்கள். 1,208 வரை பச்சை, 'எடை குறையும்'. 1,208 முதல் 1,872 வரை மஞ்சள், 'எடை நிலைக்கும்'. அதற்கு மேல் சிவப்பு. இது தவறு. 1,872 உண்மையான மொத்தமாக இருந்தால் 1,500 சாப்பிட்டாலும் எடை குறையும். மஞ்சள் கட்டம் முழுவதுமே குறையும் பகுதிதான். எடை குறைய வேண்டுமானால் ஓய்வுநிலைச் செலவுக்கும் கீழே சாப்பிட வேண்டும் என்று அந்தப் பச்சை நிறம் சொல்லாமல் சொல்கிறது. பயிற்சியாளர் எனக்குச் செய்த அதே தவறு, இங்கே மருத்துவ மையத்தின் முத்திரையோடு வருகிறது. தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பதால், படிக்க முடியாதவர்கள் நிறத்தை மட்டுமே பார்ப்பார்கள். மையத்தின் உணவியல் வல்லுநரிடம் இதைக் காட்டியபோது அவர் உடனே ஒப்புக்கொண்டார். "அந்தக் கலரைப் பாக்காதீங்க மேடம், அது சாஃப்ட்வேர் தானா போடுறது, நீங்க 1,450-க்குக் குறையாம சாப்பிடுங்க" என்றார். நல்ல அறிவுரை, அதைத் தாளில் எழுதித் தரவில்லை. எனக்கு முன்னால் போன அம்மா கேட்டிருப்பாரா, அவருக்கு இது சொல்லப்பட்டிருக்குமா என்பது வீடு திரும்பும்வரை என் மனத்தை விட்டுப் போகவில்லை.

நாள் முழுவதற்குமான செலவை உண்மையாகவே அளக்க ஒரு வழி இருக்கிறது: எடைமிகுந்த ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கொண்ட நீரைக் குடிக்க வைத்து, இரண்டு வாரங்கள் சிறுநீரில் அவை குறையும் வேகத்தைப் பார்ப்பது. ஆராய்ச்சிக்கூடங்களுக்கு வெளியே அது எளிதில் கிடைக்காது. எனவே என் தொழிலில் செய்வதைப் போல வரவையும் இருப்பையும் வைத்துச் செலவைக் கண்டுபிடித்தேன். எட்டு வாரங்கள் தினமும் காலையில் எடை பார்த்து வாரச் சராசரி எடுத்தேன். உண்டதையெல்லாம் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதினேன். தொடக்கத்தில் நீர் குறைவதால் எடை வேகமாக இறங்கும் என்பதால் முதல் இரண்டு வாரங்களைத் தள்ளிவிட்டேன். மீதி 42 நாள்களில் சராசரியாக 1,500 கலோரி சாப்பிட்டு, 1.6 கிலோ குறைந்திருந்தேன். கிலோவுக்கு 7,700 கலோரி என்ற பொதுக் கணக்கில் பற்றாக்குறை நாளுக்கு 293. ஆக என் மொத்தச் செலவு ஏறத்தாழ 1,790, காரணி 1.48. கடிகாரம் காட்டிய 2,350-க்கும் இதற்கும் 560 கலோரி வேறுபாடு. நான்கு மாதங்கள் 1,850 சாப்பிட்டும் எடை ஏன் அசையவில்லை என்பதற்கு அன்றுதான் விடை கிடைத்தது.

இந்த எழுத்துக் கணக்கில் நான் முதலில் தவறவிட்டது எண்ணெய். இட்லி எத்தனை, சோறு எத்தனை கிராம் என்று எழுதினேன். தாளித்ததையும் தோசைக்கு விட்டதையும் எழுதவில்லை. பிறகு மாதச் சிட்டையை எடுத்துப் பார்த்தேன். நான்கு பேர் உள்ள எங்கள் வீட்டில் நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் சேர்த்து மாதம் நான்கு லிட்டர். ஆளுக்கு ஒரு லிட்டர் என்றால் சுமார் 8,200 கலோரி, நாளுக்கு 270-க்கும் மேல். என் பற்றாக்குறை முழுவதற்கும் சமமான ஒரு தொகை ஏட்டில் ஏறாமலே இருந்திருக்கிறது. அதைச் சேர்த்த பிறகுதான் மேலே சொன்ன 1,500 சரியான எண் ஆனது. நடைப்பயிற்சியையும் இதே கண்ணோடு பார்த்தேன். 45 நிமிட நடைக்குக் கடிகாரம் 245 கலோரி காட்டும். அதே 45 நிமிடம் நாற்காலியில் இருந்தாலும் 38 கலோரி செலவாகியிருக்கும். அது ஏற்கெனவே 1,208-க்குள் இருக்கிறது, இரண்டு முறை எழுதக்கூடாது. சமதரையில் நடக்கும்போது ஓய்வுச் செலவுக்கு மேல் கிலோ எடைக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ அரைக் கலோரி ஆகும் என்பதை வைத்துப் பார்த்தால், 3.75 கிலோமீட்டருக்கு எனக்கு உண்மையில் கூடுவது 135. 'இன்று நடந்துவிட்டோம்' என்று கூடுதலாக ஒரு வடையும் ஒரு காபியும் எடுத்துக்கொண்டால் அந்த 135 அங்கேயே தீர்ந்துவிடும்.

எட்டு மாதங்களுக்குப் பிறகு, 66 கிலோவில், இரண்டாம் முறை போனேன். இம்முறை வந்தது 1,131. முன்னதைவிட 77 குறைவு. எடையும் ஒரு வயதும் மாறியதற்காக வாய்பாடே 65 குறையும் என்கிறது. மிச்சம் 12 கலோரி. ஒரே ஆளை இருவேறு நாள்களில் அளந்தாலே 3 முதல் 5 விழுக்காடு வேறுபடும் என்னும்போது, அந்தப் பன்னிரண்டுக்குப் பொருள் தேடுவது வீண். ஆனால் வரவேற்பு மேசையில் இருந்தவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "நாப்பது தாண்டினாலே மெட்டபாலிசம் ஸ்லோ ஆயிடும் மேடம்" என்று சொல்லி, அதைத் தூண்டும் என்று 2,400 ரூபாய்க்கு ஒரு மாவு டப்பாவை எடுத்து வைத்தார். நான் வாங்கவில்லை. 2021-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, பிறந்து எட்டே நாளான குழந்தை முதல் 95 வயதுவரை 6,400-க்கும் மேற்பட்டவர்களின் அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தது. உடலின் அளவைக் கணக்கில் கொண்டால் 20 முதல் 60 வயது வரை செலவு ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது என்று அது காட்டியது. மிக வேகமாகவும் மிக அதிகமாகவும் எடை குறைத்தவர்களின் கதை வேறு: அமெரிக்கத் தொலைக்காட்சி எடைக் குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து அளந்தபோது, அவர்கள் உடலளவுக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிட ஓய்வுநிலைச் செலவு நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாக இருந்ததாக 2016-இல் எழுதினார்கள். என் 12-ஐ அந்த 500-இன் பெயரைச் சொல்லி விற்பது, அளவீட்டை அத்தனை கவனமாகச் செய்த அந்தப் பெண்ணின் உழைப்புக்கே அநீதி.

யாரெல்லாம் இந்தப் பரிசோதனைக்குப் போகலாம் என்று தோழிகள் கேட்கிறார்கள். எண்ணெய் உள்பட நேர்மையாக எழுதிய உணவுக் கணக்கும் எடையும் மாதக்கணக்கில் ஒத்துப்போகாதவர்கள், பெருமளவு எடை குறைத்து முடித்தவர்கள், வழக்கத்துக்கு மிஞ்சிய தசைக்கட்டு உள்ளவர்கள் போகலாம், பணம் வீணாகாது. தைராய்டு பிரச்சினை இருக்குமோ என்ற ஐயத்தில் போக வேண்டாம். அதற்கு இரத்தப் பரிசோதனைதான் வழி, செலவும் குறைவு. மற்றவர்களுக்கு மிஃப்ளின் வாய்பாட்டில் 5 விழுக்காடு குறைத்துக்கொள்வதும், ஒரு சமையலறைத் தராசும், ஆறு வார ஏடும் போதும் என்றே சொல்வேன். ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் தந்த அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்: உட்கார்ந்து வேலை செய்யும் 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளுக்கு 1,660 கலோரி. தன் பி.எம்.ஆர். சீட்டில் 1,100 என்று பார்த்துவிட்டு அவ்வளவுதான் சாப்பிட வேண்டும் என்று கலங்கிப்போன என் நாத்தனாரிடம் இந்த அட்டவணையைக் காட்டித்தான் புரிய வைத்தேன்.

முதல் பரிசோதனைக்குப் பிறகு அந்த வண்ணக் கட்டங்களைப் பற்றி மையத்துக்குக் கடிதம் எழுதியிருந்தேன். மென்பொருளை விற்ற நிறுவனத்துக்குத் தெரிவிப்பதாகப் பதில் வந்தது. இரண்டாம் முறையும் அதே பக்கம்தான் அச்சாகி வந்தது. ஆனால் இம்முறை அந்த இளம்பெண், கவிகையை எடுத்த பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன வேலை, எத்தனை மணி நேரம் உட்காருகிறேன், ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். 1.55-ஐ அடித்துவிட்டு, பேனாவால் 1.45 என்று எழுதி, 1,131-ஐப் பெருக்கி 1,640 என்று ஓரத்தில் குறித்தார். பச்சைக் கட்டத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டு, கீழே தேதியிட்டுக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார்.